திறந்தவெளித் தளப் பொருட்கள் (சென்னை மேற்குப் புறநகர்)

திறந்தவெளித் தளம் என்பது வீட்டில் வெயிலும் மழையும் நேரடியாகப் படும் இடத்தில் நடக்கவும் அமரவும் அமைக்கப்படும் தளமாகும். மொட்டை மாடி, முற்றம், சிட்-அவுட், தோட்டத்து நடைமேடை ஆகியவை இதில் அடங்கும். பலகைகளை இடைவெளி விட்டுப் பரப்பி அமைக்கும் தளம் கட்டுமானத் துறையில் ‘டெக்’ எனப்படுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் தனி வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இத்தகைய தளங்கள் அமைக்கப்படுகின்றன.

இவற்றுக்கான பொருளைத் தெரிவு செய்யும்போது விலையும் தோற்றமுமே பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுகின்றன. ஆனால் ஒரு தளம் பாதுகாப்பானதா என்பதை அப்பொருளின் பெயரைவிட, அதனுள் ஏற்றப்பட்டுள்ள வேதிப்பொருளே முடிவு செய்கிறது.

சூழல்

சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஆகவே இங்குள்ள திறந்தவெளித் தளம் சில மாதங்கள் தொடர்ந்து நனைந்தும், சில மாதங்கள் கடுமையாகக் காய்ந்தும் இருக்கும். இதனால் மரம் வெடிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. மண்ணைத் தொடும் மரத்தைக் கறையான் அரிக்கிறது.

தளத்தின் மேல் விழும் மழைநீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எனவே மாடித் தளத்தைக் கழுவி வரும் நீர், குழாய் வழியாக வீட்டின் கிணற்றுக்கோ ஆழ்துளைக் கிணற்றின் அருகிலுள்ள மண்ணுக்கோ செல்கிறது. எஞ்சிய நீர் வடிகால் வழியாகக் கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு போன்ற ஏரிகளையும் கூவம் ஆற்றையும் சேரக்கூடும். தளத்திலிருந்து கரையும் எதுவும் நிலத்தடி நீரில் கலக்க வாய்ப்புள்ளது.

பதப்படுத்திய மரமும் ஆர்சனிக்கும்

மரத்தைக் கறையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காக்க, அழுத்தத்தின் மூலம் வேதிப்பொருள் ஏற்றும் முறை உலகெங்கும் உள்ளது. இம்முறையில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பொருள் சி.சி.ஏ. எனப்படும் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலவை ஆகும். இது இந்தியாவில் கண்டறியப்பட்டது. டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம் 1933-இல் இதனை உருவாக்கினார். இது ‘ஆஸ்கு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இக்கலவையில் செம்பு பூஞ்சையையும் ஆர்சனிக் பூச்சிகளையும் தடுக்கின்றன. குரோமியம் அவ்விரண்டையும் மர நாரோடு பிணைத்து வைக்கிறது. இந்தப் பிணைப்பால் மின்கம்பங்களுக்கும் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் பயன்பட்ட மரங்கள் பல ஆண்டுகள் உழைத்தன. எனினும் பிணைப்பு முழுமையானதன்று. மழைநீரில் ஆர்சனிக் சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணில் சேர்கிறது. பலகையின் மேற்பரப்பைத் தொடும் கைகளிலும் அது ஒட்டிக்கொள்கிறது. தளத்தில் தவழ்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கே இதனால் அதிக ஆபத்து ஏற்படுகிறது.

ஆர்சனிக் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உறுதிசெய்யப்பட்டுள்ளது. உலக சுகாதார அமைப்பு குடிநீரில் அதன் வழிகாட்டு அளவை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என வகுத்துள்ளது. அமெரிக்காவில் வீட்டுத் தளங்களுக்கான மரத்தில் சி.சி.ஏ. ஏற்றுவது 2003-ஆம் ஆண்டு இறுதியோடு கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியா 2006-இல் வீட்டுத் தளங்கள், விளையாட்டுச் சாதனங்கள் போன்றவற்றுக்கு இதனைத் தடுத்தது.

இத்தகைய மரத்தை எரிப்பது இன்னும் ஆபத்தானது. எரிக்கும்போது ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையில் வெளியேறுகிறது, மீதி சாம்பலில் செறிகிறது. ஆகவே பதப்படுத்திய பலகையின் துண்டுகளை அடுப்புக்கோ வெந்நீர் போடுவதற்கோ பயன்படுத்தக் கூடாது. அதன் சாம்பலைச் செடிகளுக்கு உரமாக இடுவதும் பாத்திரம் துலக்கப் பயன்படுத்துவதும் தவறாகும்.

ஆர்சனிக் இல்லாத மாற்றுகளாகச் செம்பும் அம்மோனியச் சேர்மமும் கலந்த ஏ.சி.கியூ., செம்பு அசோல் ஆகியவை பயன்படுகின்றன. இவை மனிதருக்குக் குறைந்த தீங்குடையவை. ஆனால் கரைந்து வரும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் என்பதால் மீன் தொட்டி, குளம் ஆகியவற்றின் அருகில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. இவை சாதாரண இரும்பு ஆணியை விரைவில் அரித்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் தேவை. போரான் உப்புகளின் நச்சுத்தன்மை குறைவு எனினும், அவை மழையில் கரைந்துவிடுவதால் திறந்தவெளிக்கு ஏற்றவை அல்ல.

பழைய மரமும் பொதிப்பலகைகளும்

வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை ஆகியவை வேதிப்பொருள் இன்றியே நெடுநாள் தாங்குகின்றன. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்த வலிமை இல்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் கதவு நிலைகளையும் அறுத்துப் பயன்படுத்தினால் புதிதாக மரம் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் மேலுள்ள பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று வரையறுத்த விதிகள் இந்தியாவில் 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரமாக்கிச் சுரண்டி அகற்ற வேண்டும்.

தொழிற்பேட்டைகள் நிறைந்த இப்பகுதியில், சரக்கு அனுப்பப் பயன்படும் ‘பேலட்’ எனும் பொதிப்பலகைகளும் கவனத்துக்குரியவை. பன்னாட்டு விதிப்படி இவற்றில் முத்திரை இடப்படுகிறது. ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டதையும், ‘எம்.பி.’ என்பவை மெத்தில் புரோமைடு வாயு செலுத்தப்பட்டதையும் குறிக்கும். இரண்டாவது வகையை வீட்டில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. முதல் வகையிலும் எண்ணெய், அமிலம் போன்றவை சிந்திய கறை இருந்தால் விலக்க வேண்டும். வெப்பமூட்டிய மரம் கறையானைத் தாங்கும் என்பதும் இதன் பொருளன்று.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் கனமான பழைய மரத்தை வாங்குமுன், அது முன்பு எங்கே இருந்தது என்று கேட்டறிவது அவசியம். சி.சி.ஏ. ஏற்றிய மரம் புதிதாக இருக்கும்போது பச்சை நிறம் கொண்டிருக்கும். வெயிலில் அந்நிறம் மங்கிவிடுவதால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

மரநெகிழிக் கலவைப் பலகைகள்

மரத்தூளையும் நெகிழியையும் கலந்து செய்யும் பலகைகள் கடைகளில் ‘டபிள்யூ.பி.சி.’ என்ற பெயரில் கிடைக்கின்றன. இவற்றைக் கறையான் எளிதில் தாக்குவதில்லை, வண்ணம் பூசவும் தேவையில்லை. எனினும் அடர்நிறப் பலகைகள் வெயிலில் வெறுங்காலுடன் நிற்க முடியாத அளவுக்குச் சூடாகும். வெப்பத்தில் இவை நீளும் என்பதால் முனைகளில் இடைவெளி விடாவிட்டால் வளைந்து எழும்பும். பி.வி.சி. வகைகளில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்பதை உற்பத்தியாளரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மரமும் நெகிழியும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால் மறுசுழற்சி கடினம். பயன்காலம் முடிந்ததும் இவை பெரும்பாலும் குப்பைமேட்டையே அடைகின்றன.

செங்கல், சுண்ணாம்பு, கல்

சென்னை மொட்டை மாடிகளின் மரபான தளம் ‘சுருக்கி’ எனப்படுகிறது. கான்கிரீட் கூரையின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைச் சுமார் 75 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, நீர் வடியும் சரிவோடு மரப்பலகையால் தட்டி இறுக்குவர். தட்டும்போது கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளிப்பதும் வழக்கம். அதன் மேல் சுட்ட மண்ணாலான தட்டோடுகள் பதிக்கப்படுகின்றன. இத்தளம் கீழுள்ள அறைக்கு வெப்பம் இறங்குவதைக் குறைக்கிறது. கரைந்து நஞ்சாகக்கூடிய எதுவும் இதில் இல்லை, உடைத்தெடுத்தால் மண்ணோடு சேர்ந்துவிடும். சூளைக்கு எரிபொருளும் மண்ணும் செலவாவது இதன் குறையாகும்.

வெண்ணிறக் குளிர் ஓடுகளும், உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டுகளால் பதிக்கும் தளமும் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. வழவழப்பான ஓடு மழையில் வழுக்கும் என்பதால் சொரசொரப்பானதைத் தெரிவு செய்ய வேண்டும். கடப்பா கல் உறுதியானது, ஆனால் கருமையால் மிகவும் சூடாகும். நிழல் விழும் முற்றத்துக்கு அது பொருந்தும். 20 மி.மீ. கனமுள்ள கல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ எடை சேர்க்கும். ஆகவே பால்கனியில் பதிக்குமுன் பொறியாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். தரை மட்டத்தில், மணல் படுகையின் மேல் இடைவெளி விட்டுப் பதிக்கும் கற்கள் மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடுகின்றன.

தெரிவு செய்யும் முறை

மொட்டை மாடிக்குச் சுருக்கித் தளமோ வெண்ணிற ஓடோ முதல் தெரிவாக அமையும். தரைமட்ட முற்றத்துக்கு இடைவெளி விட்டுப் பதித்த கல் ஏற்றது. மரம்தான் வேண்டும் எனில், நிழலுள்ள சிறிய பகுதியில், மண்ணைத் தொடாமல் கல் அல்லது கான்கிரீட் தாங்கிகளின் மேல், வைரம் பாய்ந்த மரத்தால் அமைப்பது நல்லது. பதப்படுத்திய மரம் வாங்கினால், ஏற்றிய வேதிப்பொருளின் பெயரை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பெயர் தெரியாத மரத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கிணற்றருகிலும் பயன்படுத்தக் கூடாது.

ஏற்கெனவே அமைந்த தளத்தில் ஆர்சனிக் ஏற்றிய மரம் இருப்பதாக ஐயம் எழுந்தால், அதனை இழைக்கவோ உப்புத்தாள் கொண்டு தேய்க்கவோ கூடாது. மேற்பரப்பில் நீர்த்தடுப்புப் பூச்சு பூசிக் காலந்தோறும் புதுப்பிப்பதும், விளையாடிய பின் குழந்தைகளின் கைகளைக் கழுவச் செய்வதும் பாதிப்பைக் குறைக்கும். அத்தளத்தின் நீரை மழைநீர் சேகரிப்புக் குழாயில் இணைக்காமல் தனியே வடியவிட வேண்டும்.