மவுஸ் பாயிண்டர் எங்க போச்சு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவியூ. லேப்டாப்பை ப்ரொஜெக்டர்ல மாட்டியாச்சு. திடீர்னு மவுஸ் பாயிண்டரைக் காணோம். குத்துமதிப்பா கிளிக் பண்ணினா பட்டன் வேலை செய்யுது. அம்புக்குறி மட்டும் கண்ணுல படல. நீங்க என்ன பண்ணுவீங்க? நான் மவுஸைக் கழட்டி மாட்டினேன், ஃப்ரெண்ட்கிட்ட வேற மவுஸ் வாங்கினேன், கடைசியா ரீஸ்டார்ட் பண்ணினேன். பாயிண்டர் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் போயிடுச்சு. அப்பதான் இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க உட்கார்ந்தேன்.

நாலு கை மாறும் செய்தி

லினக்ஸ்ல நீங்க மவுஸை அசைச்சா, அந்தச் செய்தி நாலு கை மாறுது. முதல்ல கெர்னல். "வலப்பக்கம் 5, கீழே 2" மாதிரி வெறும் எண்களா வாங்கும். அடுத்து லிப்இன்புட். அந்த எண்களுக்கு ஏத்த வேகத்தைக் கணக்குப் போடும். டச்பேட்ல விரல் தாவினது போலத் தப்பான எண் வந்தா வடிகட்டும். மூணாவது டிஸ்ப்ளே சர்வர். பாயிண்டர் இப்ப எந்த விண்டோ மேல இருக்குன்னு முடிவு பண்றது இதுதான். 1987ல வந்த எக்ஸ்11 முறையில இயங்குற எக்ஸ்.ஆர்க் சர்வர் பழசு. 2008ல தொடங்கின வேலண்ட் புதுசு. நாலாவது கிராபிக்ஸ் கார்டு.

இங்கதான் விஷயமே இருக்கு. திரையில மத்த எல்லாத்தையும் வரையிற இடத்துல பாயிண்டரை வரையிறது இல்ல. மேசையில துறைமுக வரைபடத்தை விரிச்சு, கப்பல் நிக்கிற இடத்துல ஒரு சிப்பியை வைக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. கப்பல் நகர்ந்தா சிப்பியை நகர்த்தினாப் போதும். வரைபடத்தைத் திரும்ப வரைய வேண்டாம். அதே மாதிரி பாயிண்டருக்குன்னு கார்டுல தனியா ஒரு சின்ன படலம் இருக்கு. இதுக்குப் பேர் ஹார்டுவேர் கர்சர். பல கார்டுகள்ல இதோட அளவு 64க்கு 64 பிக்சல்தான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது "பாயிண்டரையும் காட்டு"ன்னு தனியா ஒரு டிக் இருக்கே, அது ஏன்னு இப்ப புரியுதா?

எக்ஸ்.ஆர்க் 1.19 2016ல வந்தப்போ, இன்புட்டுக்குத் தனி த்ரெட்டே கொடுத்தாங்க. சர்வர் வேற வேலையில மூழ்கிக் கிடந்தாலும் பாயிண்டர் தடங்காம நகரணும்னு.

எந்தக் கையில தொலைஞ்சது?

கிளிக் வேலை செஞ்சா, முதல் மூணு கையும் பெரும்பாலும் சரி. சந்தேகம்னா டெர்மினல்ல லிப்இன்புட்டோட டீபக்-ஈவென்ட்ஸ் கமாண்டை சூடோ போட்டு ஓட்டுங்க. மவுஸை அசைக்கிறப்போ வரிகள் ஓடினா மவுஸ் மேல குத்தம் இல்ல. அடுத்து ஹார்டுவேர் கர்சரை அணைச்சுப் பாருங்க. எக்ஸ்.ஆர்க்ல பல டிரைவர்களுக்கு "எஸ்டபிள்யூ கர்சர்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டா பாயிண்டரைப் படத்தோட சேர்த்தே வரையும். பாயிண்டர் திரும்ப வந்தா, கோளாறு அந்தத் தனிப் படலத்துல. என் விஷயத்துலயும் அதான்.

ஆனா இது தற்காலிகம்தான். உண்மையான கோளாறு கோடுல இருக்கு. பழைய வெர்ஷன்ல சரியா இருந்து புதுசுல கெட்டிருந்தா, கிட் பைசெக்ட் கைகொடுக்கும். நம்ம தூத்துக்குடி கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. கரைக்கு வந்த சிப்பிக் குவியலைப் பாதியாப் பிரிச்சு "முத்து எந்தப் பாதியில?"னு கேட்க முடியாது, முழுசையும் அலசணும். கோடுல அப்படிக் கேட்கலாம். நடுவுல இருக்கிற வெர்ஷனை பில்ட் பண்ணி ஓட்டுங்க. பாயிண்டர் தெரிஞ்சா தப்பு அதுக்குப் பிறகு, தெரியலைன்னா அதுலயோ முன்னாடியோ. இப்படிப் பாதி பாதியா வெட்டினா, 1000 மாற்றங்கள்ல தப்பானதைப் பிடிக்க சுமார் 10 தடவை போதும்.

எழுதி வையுங்க

அதுவரைக்கும் போக முடியலையா? பரவாயில்ல, ரிப்போர்ட் எழுதுங்க. எந்த கார்டு, எந்த வெர்ஷன், என்ன செஞ்சா பாயிண்டர் போகுது, எஸ்டபிள்யூ கர்சர் போட்டா வருதா. இவ்வளவு போதும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, பாயிண்டர்தான் அதுல தனியா சேருதே! ஃபோன்ல திரையை வீடியோ எடுத்துப் போடுங்க. இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் கவலை வேண்டாம், படிக்கிறவங்களுக்கு வேண்டியது விவரம்தான்.

நான் ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி தேடிப் பார்த்தேன். இதே கோளாறை முகம் தெரியாத ஒருத்தர் ஏற்கெனவே எழுதியிருந்தார். புது வெர்ஷன்ல சரியும் பண்ணிட்டாங்க. அப்டேட் பண்ணினேன், முடிஞ்சுது. அவரும் என்னை மாதிரி ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிருந்தா, நான் இன்னும் மவுஸை மாத்திட்டே இருந்திருப்பேன். ரீஸ்டார்ட் பண்ணினா பக் நம்மகிட்ட இருந்து ஒளிஞ்சுக்கும், அவ்வளவுதான். அடுத்த ரிவியூல வேற யாருக்கோ வரும். உங்க பாயிண்டர் காணாமப் போற அன்னைக்கு, அந்த முதல் ரிப்போர்ட் உங்களோடதா இருக்கட்டும்.