இயங்குதளத் தகடு பதிக்கும் முறை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் ஊராட்சி அலுவலகங்களில் தீர்மான நகல்களும் பயனாளிகள் பட்டியல்களும் கணிப்பொறியில் உள்ளன. இயங்குதளம் பழுதுற்றால் அலுவல் நின்றுவிடும். அதனை மீண்டும் நிறுவுதற்குரிய தகட்டை நாமே ஆயத்தம் செய்யலாம்.

சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது, தமிழிலும் இயங்குவது. அதன் முழு உருவும் ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாக அமைந்துள்ளது. அதனை ஏனைய கோப்புகளைப் போல் தகட்டில் நகலெடுத்தால் பயனில்லை. விதை மூட்டையைப் பிரிக்காமல் வயலில் வைத்தால் பயிர் முளைக்குமா? தகடு எழுதும் மென்பொருளில், படிமமாக எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் கணிப்பொறியைத் துவக்கும் பகுதி உரிய இடத்தில் பதியும்.

குறுந்தகடு 700 மெகாபைட்டும், டி.வி.டி. 4.7 ஜிகாபைட்டும் கொள்ளும். கோப்பின் அளவை முன்னரே நோக்குக. வெளியீட்டாளர் தரும் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுக. பின்னர், கணிப்பொறி முதலில் தகட்டைப் படிக்குமாறு துவக்க வரிசையை மாற்றுக. தகடு இடும் வசதியில்லாத புதிய கணிப்பொறிகளுக்குப் பென்டிரைவில் இவ்வாறே எழுதலாம்.

நிறுவும்பொழுது பழைய கோப்புகள் அழியக்கூடும். ஆதலால் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே தகட்டை இடவேண்டுமென வற்புறுத்துகிறோம். பட்டியல் அழிந்தால், அதில் பெயருள்ள ஏழைக்கே முதல் இழப்பு.