மணிக்கட்டு யந்திரம் – 9: டாரிசெல்லியின் கணக்கு

ஃபிட்னஸ் பேண்டின் முதுகில் பொறித்திருக்கும் '5 ஏ.டி.எம்.' என்ற முத்திரை 50 மீட்டர் ஆழத்துக்கு முழுகலாம் என்ற அனுமதிச் சீட்டு அன்று, ஆய்வுக்கூடத்தில் அசையாமல் கிடந்து அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிற்று என்ற சான்று மட்டுமே என்று சென்ற வாரம் சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் கண்ணாடியை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் அன்பர் ஒருவரின் கடிதம் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

நீச்சற்குளத்தில் கையை ஓங்கி வீசி நீந்தும்போது தண்ணீர் மோதுகிற வேகத்தில் 50 மீட்டருக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிவிடுமென்றும், தம்முடைய பேண்ட் அதனாலேயே உயிரை விட்டதென்றும் கடைக்காரர் சொன்ன சமாதானம் மெய்தானா என்பது அவருடைய கேள்வி. இந்தச் சமாதானத்தை நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தவர்தாம் அபூர்வம். நீரில் ஒரு பொருள் என்ன வேகத்தில் பாய்கிறதோ, அந்த வேகத்தைப் பெற அது எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டுமோ, அவ்வளவு உயரமுள்ள நீர்ஸ்தம்பத்தின் அழுத்தமே அந்தப் பாய்ச்சலால் அதன்மேல் விழுகிறது. நீந்துகிறவருடைய கை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தள்ளுவதாக வைத்துக்கொண்டால், கிடைப்பது அரை மீட்டர் ஆழத்தின் அழுத்தங்கூட இல்லை. 10 மீட்டர் மேடையிலிருந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிற வீரருக்கே, நீரைத் தொடும் முதற்கணத்து அறையை நீக்கிப் பார்த்தால், 10 மீட்டர்தான் கணக்காகிறது. அந்த ஒற்றுமையைக் காகிதத்தில் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தில் பசையாவது, வாக்காவது!

பாத்திரத்தின் துவாரத்திலிருந்து பீறிடும் நீர், மேல்மட்டத்திலிருந்து அந்தத் துவாரம்வரை விழுந்திருந்தால் என்ன வேகம் பெறுமோ அதே வேகத்தில் வெளிவரும் என்று 1644-ல் அச்சிட்ட நூலில் கூறியவர் இத்தாலியரான டாரிசெல்லி. மேற்சொன்ன கணக்கு அந்த விதியையே தலைகீழாகப் படித்தது. கலிலியோவின் அந்திமகாலத்தில் சுமார் மூன்று மாதம் உடனிருந்து பணிவிடை செய்து, அவர் காலமானபின் டஸ்கனி பிரபுவின் கணித வித்துவானாக அவருடைய ஸ்தானத்தில் அமர்ந்து, 39-வது வயதிலேயே மறைந்துபோன இந்த மனிதரை நாம் அறிந்திருப்பதெல்லாம் பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயால்தான். பாரமானியின் மூலபுருஷர் அவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாரமானியே இன்று அரிசி மணியளவாய்ச் சுருங்கிப் பல பேண்டுகளுக்குள் குடிபுகுந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் ஒரு தளம் என்று எண்ணிக்கொள்வது அதுதான். 3 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 36 பாஸ்கல், அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்களவே குறையும். அதையும் உணரவேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே எட்டவேண்டும், அதற்கு ஒரு துவாரம் வேண்டும். தண்ணீர் புகாத பெட்டியில் வேண்டுமென்றே வைத்த துவாரம்! காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வொன்றை அதன்மேல் போர்த்துகிறவர்கள் உண்டு. அந்தச் சவ்வின் நுண்துளைகளுக்குக் காவல், துளியைத் துளியாகவே திரட்டி நிறுத்துகிற நீரின் பரப்பு இழுவிசை. சோப்பு அந்த இழுவிசையைத்தான் குறைக்கிறது.

ஆகவே, கடைக்காரர் நீச்சற்குளத்தின்மேல் போட்ட பழியில் பெரும்பங்கைக் குளியலறைக்கு மாற்றவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வெந்நீரும் ஷாம்புவும் நாள்தோறும் சேர்ந்து சவ்வை நனைக்கின்றன, ரப்பர் வளையத்தைத் தளர்த்துகின்றன. உங்கள் பேண்டின் பக்கவாட்டில் ஊசிமுனைத் துவாரம் இருந்தால் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: வெண்மையாய் ஓரத்தில் இறுகியிருப்பது பெரும்பாலும் சோப்பும் வியர்வை உப்புமே. நல்ல தண்ணீரில் அலசினால் போதும். குண்டூசியால் குத்தினாலோ சவ்வு கிழியும்.

பசைக்கு இந்த வாரம் இடமில்லை. வியர்வையில் பச்சை பூத்துப்போகும் சார்ஜர் முனைகளையும் சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன், வேறு கடிதம் வராமலிருந்தால்.