தோல் கொடுத்த இடத்துக் காயம்

தீயால் சருமம் முழு ஆழத்துக்கும் வெந்துபோன இடம் தானாக மூடிக்கொள்ளும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகவே வைத்தியர்கள் அதே நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மிக மெல்லிய தோல் ஏட்டைச் சீவியெடுத்து, வெந்த இடத்தில் பதித்து ஒட்டுகிறார்கள். 1869-இல் பாரிஸில் ரெவர்தென் என்ற இளம் வைத்தியர் சிறு சிறு தோல் துணுக்குகளைக் கொண்டு தொடங்கிவைத்த இந்த முறை, பிற்காலத்தில் அகலமான ஏடுகளாகத் தோலை எடுக்கும் அளவுக்கு வளர்ந்து, எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. ஆயினும் ஒரு காயத்தை ஆற்றுவதற்காக மற்றொரு காயத்தை நம் கையாலேயே உண்டாக்குகிறோம் என்பதும், அந்த இரண்டாம் காயமே பல சமயங்களில் முதற்காயத்தைவிட அதிக வேதனை தருகிறது என்பதும் பலர் அறியாத விஷயம்.

வேதனைக்குக் காரணம், மேல்தோல் சீவப்பட்டதும் அதன் அடியிலுள்ள நரம்பு நுனிகள் மூடுவாரின்றி வெளிப்பட்டு நிற்பதுதான். ஆனால் அந்த இடம் ஆறுவதற்கான வழியும் அங்கேயே இருக்கிறது. கத்தி அடித்தோலின் ஒரு பகுதியை மட்டுமே எடுப்பதால், எஞ்சிய பகுதியில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் பிழைத்திருக்கின்றன. அவற்றின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் பெருகி, மேலேறி, நாற்புறமும் பரவி ஒன்றோடொன்று கூடும்போது, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் புதிய மேல்தோல் உண்டாகிறது. 1962-இல் பிரிட்டனில் ஜார்ஜ் விண்டர் என்னும் விஞ்ஞானி பன்றிகளின் மேல் நடத்திய பரிசோதனைகளில், பொருக்குத் தட்டிக் காய்ந்த காயத்தைவிட ஈரம் போகாமல் மூடிவைத்த காயத்தில் இந்தப் பரவுதல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக நடப்பதைக் கண்டறிந்தார். வழக்கமாகக் கட்டும் வாஸ்லின் தடவிய வலைத்துணியோ காயக் காயப் புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுக்கும்போது அப்போதுதான் முளைத்த இளந்தோலும் கூடவே பிய்ந்து வருகிறது.

இந்தக் குறையை நீக்க, இயற்கையிலிருந்தே பெற்ற உறைகளை வைத்தியர்கள் நாடினார்கள். கர்ப்பத்தில் சிசுவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடச் சவ்வை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டேவிஸ் என்பவர் தோல் சிகிச்சைக்குப் பிரயோகித்ததை 1910-இல் வெளியிட்டார். நம் நாட்டில், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988-இல் தொடங்கிய திசு வங்கி, தானமாகப் பெற்ற அச்சவ்வைக் கதிர்வீச்சால் கிருமி நீக்கிப் புண்களுக்கு உறையாக அளிக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினர், பிராணிகளின் திசுக்களிலிருந்து கொல்லாஜன் என்னும் புரதத்தைப் பிரித்து, புண்ணின் மேல் படிந்து கிடக்கும் மெல்லிய ஏடுகளாக்கினார்கள். இவ்வுறைகள் ஈரத்தைக் காத்து, நரம்பு நுனிகளை மறைத்து, வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தடுக்கின்றன. கட்டை அடிக்கடி மாற்றும் துன்பமும் குறைகிறது.

எனினும் ஏழை நோயாளிகள் நிரம்பிய பொது மருத்துவமனைகளில் இத்தகைய உறைகளின் விலை ஒரு பெரும் தடையாக நிற்கிறது. அந்தத் தடையைக் கடக்க மும்பை வைத்தியர்களான கோரேயும் அகோலேகரும் தேர்ந்துகொண்ட சாதனம், நாம் உணவருந்தும் வாழையிலை! இலைகளைத் துணியின் மேல் பசையிட்டு ஒட்டி, சுருட்டிப் பொதிந்து, அழுத்தமுள்ள நீராவியில் கிருமி நீக்கி, தோல் எடுத்த இடங்களில் அவர்கள் கட்டினார்கள். மெழுகு படிந்த வழவழப்பான அந்த இலை புண்ணில் ஒட்டாது. ஆகையால் வாஸ்லின் துணியோடு ஒப்பிடுகையில், கட்டைப் பிரிக்கும்போது நோயாளிகள் அனுபவித்த வலி மிகவும் குறைந்திருந்தது. 2003-இல் ‘பர்ன்ஸ்’ என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியான இந்த ஆராய்ச்சி, சிரத்தையும் கருணையும் உள்ள இடத்தில் வறுமை சிகிச்சையைத் தடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அழகிய சான்று.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்து இலையைப் பறித்துத் திறந்த புண்ணின் மேல் யாரும் இட்டுவிடக் கூடாது. கிருமி நீக்காத இலை அபாயமானது. ஆனால் உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் தோல் ஒட்டும் சிகிச்சை நேருமானால், ஒட்டிய இடத்தைப் பற்றி விசாரிப்பதோடு நின்றுவிடாமல், தோலைக் கொடுத்த இடத்துக்கு என்ன கட்டுப் போடப்போகிறீர்கள் என்றும் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.