பிழை காணும் கண்

அளவுகருவி காட்டும் எண்ணை நாம் ஐயுறுவதில்லை. காய்ச்சல்மானி காட்டும் அளவை நம்பியே மருத்துவர் மருந்து தருகிறார். கருவியை மக்கள் நம்புந்தோறும் அதனை ஆக்குவோர் பொறுப்பும் மிகுகின்றது. கணிப்பொறியின் உள்ளே அமைந்த கருவிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அவை காட்டும் எண் மெய்யாதற்குப் பலர் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறியின் பணிகளை ஒழுங்குபடுத்தி நடத்துவது இயங்குதளம். அதன் நடுவே நின்று நினைவகத்தையும் பிற கருவிகளையும் ஆளும் பகுதி கருநிரல் எனப்படும். வெப்பநிலை முதலியவற்றை அளந்தறியும் சிறு கருவி உணரி. உணரியின் குறிகளைக் கருநிரலுக்கு விளங்குமாறு இடைநின்று மொழிபெயர்ப்பது இயக்கி என்னும் நிரல். பிற நிரலில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே நிற்கும். கருநிரலின் உள்ளே இயங்கும் இயக்கியில் பிழை நேர்ந்தாலோ பொறி முழுவதுமே நின்றுவிடக்கூடும்.

லினக்ஸ் என்பது புகழ்பெற்ற ஒரு கருநிரல். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை 1991-ஆம் ஆண்டில் தொடங்கினார். இன்று பல நாட்டு அறிஞர் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். இயக்கி எழுதிய ஒருவர் அதனைத் தாமே அதில் சேர்த்துவிட முடியாது. அப்பகுதியின் காப்பாளருக்கும் பிற வல்லுநருக்கும் அதனை மின்னஞ்சலில் அனுப்புதல் வேண்டும். அவர்கள் வரிவரியாக ஆராய்ந்து வினா எழுப்புவர். எழுதியவர் திருத்தி மீண்டும் அனுப்புவார்.

இவ்வாய்வின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எல்.எம். 75 என்பது ஒரு வெப்பநிலை உணரி. அது செல்சியஸ் அளவில் அரைப் பாகை வரை நுணுகி அளந்து, ஒன்பது இருமக் குறிகளால் அறிவிக்கும். ஒன்பது குறிகளால் 0 முதல் 511 வரை 512 எண்களைக் குறிக்கலாம். 25 பாகை என்பது ஐம்பது அரைப் பாகைகள்; ஆதலின் உணரி 50 என அறிவிக்கும். சுழிக்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையையோ 512-இலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். சுழிக்குக் கீழ் 25 பாகையாயின் 462 வரும். இவ்விதியை மறந்தவர் 462-ஐ நேரே பாதியாக்கினால் விடை யாது? 231 பாகை! கடுங்குளிரில் இருக்கும் பொறி, தான் வெந்துபோவதாகக் கருதித் தன் இயக்கத்தையே நிறுத்திக்கொள்ளவும் கூடும்.

எழுதியவர் அதனைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்திருப்பார். ஆனால் அவர் அறையில் வெப்பநிலை 25 பாகையாக இருந்திருக்கும். கருவியும் 25 என்றே காட்டியிருக்கும். தாம் எண்ணிப் பார்த்ததை அவர் சோதித்தார். எண்ணாததை எவ்வாறு சோதிப்பார்? ஆய்பவரோ உணரியைச் செய்தோர் வெளியிட்ட விளக்க ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு, “குளிரில் என்னாகும்?” என்று கேட்கிறார்.

அவர் கேட்கும் வினாக்கள் இன்னும் பல. கம்பி அறுந்தால் என்னாகும்? அளவு கிடைக்காதபோது பிழையைக் குறிக்கும் எதிர்மறை எண் வருவது மரபு. அதனைச் சோதியாமல் விட்டால் அப்பிழையே அளவாகிவிடும். இருவர் ஒரே நேரத்தில் உணரியை அணுகாவண்ணம் இட்ட பூட்டு, இடையில் பிழை நேர்ந்தபோதும் திறக்கப்படுகிறதா? இல்லையெனின் அடுத்து வருவோர் முடிவின்றிக் காத்திருக்க நேரும். அலகு சரிதானா? லினக்சில் வெப்பநிலையைப் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தருதல் வேண்டும். 25 பாகையை 25000 என்றே சொல்ல வேண்டும்.

குறை கூறுவோர் நிரலின் குறையைக் கூற வேண்டுமேயன்றி, எழுதியவரை இகழ்தல் ஆகாது. குறை கேட்போரும் சினத்தல் ஆகாது. ஒரு சிறு இயக்கிக்காக மூன்று நான்கு முறை திருத்துவது இழிவன்று. ஆய்வில் தேறிய நிரலை எழுதியவர் பெயரோடு, ஆய்ந்து உடன்பட்டவர் பெயரும் ஏட்டில் நிலைபெறுகின்றது. பெருமையில் மட்டுமன்றிப் பொறுப்பிலும் இருவர்க்கும் பங்குண்டு என்பதே இதன் கருத்தாகும்.

தன் முகத்துக் கறை தன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைக் காட்டுபவர் பகைவர் அல்லர்; நண்பரே ஆவர். அவர் சொல்லை ஏற்றுத் திருத்திக்கொள்வதும் அறிவுடைமையே அன்றோ?