வசனவரியில் எந்தத் தமிழ்?

தமிழ்த் திரைப்பட ஆர்வலர்களிடையே ஓயாது எழும் பூசல்களுள் ஒன்று, படத்தின் அடியில் தோன்றும் தமிழ் வசனவரிகளைப் பற்றியது. பாத்திரம் ‘வந்துட்டாங்க’ என்கிறது. வரியிலோ ‘வந்துவிட்டார்கள்’ என நிற்கிறது. காதும் கண்ணும் முரண்படுகின்றன என்பர் ஒரு சாரார். தமிழை வகுப்பறையில் மட்டுமே எழுத்தாகக் காணும் நம் பிள்ளைகள், பேசியபடியே எழுதிய வரிகளைப் பார்த்தால் குழம்புவர் என்பர் மறுசாரார்.

இதனை எழுத்துப்பிழைத் தகராறு எனத் தள்ளுவதற்கில்லை. எழுத்துக்கொன்றும் பேச்சுக்கொன்றுமாக வழக்குகள் பிரிந்துநிற்கும் மொழிநிலையைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் ‘டைகுளோசியா’ எனும் பெயரில் விளக்கினார். நாம் இரட்டை வழக்கு என்கிறோம். திரைப்படம் பேச்சு வழக்கில் நிகழ்கிறது; நம் கண்ணோ எழுத்து வழக்கில் பயின்றது.

எழுத்து வழக்கே வேண்டும் என்போர் இழப்பது எது என்பதற்குத் ‘தெனாலி’ (2000) தக்க சான்று. அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் இலங்கைத் தமிழில் பேசுகிறது. சுற்றியிருப்போர் தமிழகப் பேச்சில் உரையாடுகின்றனர். யாழ்ப்பாணப் பேச்சில் ‘கொண்டு’ சிதையாமல் நிற்கும். தமிழகத்தில் அது பெரும்பாலும் ‘கிட்டு’ ஆகிவிடும். எல்லார் பேச்சையும் ‘வந்துகொண்டு’ என்றே எழுதிவிட்டால், தெனாலி தனித்து ஒலிப்பது எங்ஙனம்?

மறுதரப்பின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. பேச்சுத்தமிழுக்கு நிலைத்த எழுத்துமுறை இல்லை. இடம் ‘எடம்’ ஆகிறது. உடம்பு ‘ஒடம்பு’ ஆகிறது. சொல்லிறுதி மகரமும் னகரமும் பல இடங்களில் மூக்கொலி பெற்ற உயிராகத் தேய்கின்றன. அவ்வொலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை. வரி திரையில் நிற்பதோ சில நொடிகள். அதற்குள் ‘எடுத்துக்கிட்டிருந்தாங்க’ என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்தால் காட்சி கடந்துவிடும். செவிப்புலன் குன்றி, ஏட்டின் வழியே தமிழ் கற்றவருக்கு இது இன்னும் கடினம். வசனவரி முதன்மையாக அவருக்கே உரியது என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர்.

சொல்லின் அடியை எழுத்து வழக்கிலும், விகுதியைப் பேச்சு வழக்கிலும் எழுதலாம் என்பது நம் கருத்து. ‘எடத்துக்கு’ அன்று, ‘இடத்துக்கு’. ஆயின் ‘வந்துட்டாங்க’ அப்படியே இருக்கட்டும். சிறுகதை உரையாடல்களில் எழுத்தாளர் பலர் நெடுநாளாகச் செய்துவருவதே இது. பழகிய அடியைப் பற்றிக்கொண்டு கண் விரையும். பேசுபவர் எவ்வூரார் என்பதை விகுதி காட்டும். சென்னைப் பாத்திரம் ‘வந்துகினு’ என்றால் அதனையும் திருத்த வேண்டியதில்லை. செய்தி வாசிப்பவரும் மேடைப் பேச்சாளரும் வரும் காட்சிகளில் மட்டும் எழுத்து வழக்கே வரும். அவர்கள் பேசுவதும் அப்படித்தானே.