கண்மாயில் விளையும் பெரணி

ஐப்பசி மழைக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளில் நடப்போர், நான்கு சிற்றிலைகளை விரித்து நிற்கும் ஆரைக்கீரையைக் காண்பர். பெரணி என்றதும் மலையோடை நிழலையே பலரும் நினைப்பர். பூவாத இக்கீரையும் ஒரு பெரணியே என்றால் நமது அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும். புளியாரைக்கு மூன்று சிற்றிலைகள். அது பூக்கும் செடி. பெயரளவிலன்றி இரண்டுக்கும் உறவில்லை.

நமது கண்மாய்களோ ஆண்டில் பல மாதம் வறண்டு கிடப்பவை. அவற்றில் நீர்ச்செடி பிழைப்பது எங்ஙனம்? ஆரையின் காம்படியில் மிளகளவான கெட்டிக் காய் போன்ற உறைகள் தோன்றுகின்றன. வித்துத்தூள் அவற்றினுள்ளே அடங்கியிருக்கிறது. நீர் வற்றிச் செடி கருகினாலும் உறை மண்ணில் கிடக்கும். அதன் ஓடு தேய்ந்து நீர் உட்புகுந்ததும், பசை போன்ற வளையம் ஒன்று பருத்து வெளிவந்து வித்துக்களைச் சுமந்து செல்லும். தாவரக் காட்சியகங்களில் பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த உறைகளும் முளைத்ததுண்டு.

நெல் வயலில் இது களை, அடுப்பங்கரையில் கீரை. உழவரும் இல்லத்தரசியும் இதில் ஒருமித்த கருத்துக் கொள்வது அரிது! ஆனால் ஒன்றை இருவரும், நெசவாளரும் கருத வேண்டும். ஆரை தான் நிற்கும் நீரிலும் சேற்றிலும் உள்ள உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துக்கொள்வது. ஆதலால் சாயக்கழிவு நீரோ சாக்கடையோ கலக்கும் வாய்க்காலிலும், களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறித்தது உணவுக்கு ஆகாது. சாயத்தொட்டி நீரைக் கண்மாய்ப் பக்கம் திறந்துவிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது நம் வீட்டுக் கீரைச்சட்டிக்கே திரும்பி வரும்.

அசோலாவும் நீர்ப்பெரணியே. அதன் இலைக்குழியில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. நாற்று நட்ட வயலில் வளர்த்து மிதித்துவிட்டால் உரமாகும். மணிச்சத்துக் குறைந்தால் செழிக்காது. கால்நடைத் தீவனமாகத் தொட்டியிலும் வளர்க்கலாம்.

அசோலா என்று எண்ணி வேறொன்றைக் கொண்டுவந்துவிடலாகாது. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய சால்வினியா, 1939-இல் கொழும்பில் தாவரவியல் ஆய்வுக்காக வந்து, பின் இலங்கை வயல்களை மூடியது. கேரளத்தில் இதனை ஆப்பிரிக்கப் பாயல் என்பர். அங்கு 1980-களில் ஒரு சிறு கூன்வண்டை விட்ட பின்னரே பெரிதும் அடங்கியது. ஒடிந்த ஒரு துண்டே புதுச்செடியாகும். அசோலா செதில் போல் நுண்ணியது, கடும் வெயிலில் சிவக்கும். சால்வினியாவின் இலை விரல் நகத்தினும் பெரிது. இரண்டிரண்டாக நின்று, மேற்புறம் மயிரடர்ந்து, நீர் ஒட்டாது உருளும்.